முப்பத்தொரு விநாடி

சனிக்கிழமை முற்பகல். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் மின்சார ரயிலுக்காக நின்றிருந்தபோது, எங்கள் பழைய கம்பெனி பஸ்ஸின் ஓட்டுநர் முனுசாமி கைபேசியில் அழைத்தார்.

"அண்ணாத்த, தயாளன் அண்ணன் பூட்டாரு. காலைல பீச்சாண்ட நடந்துகினு இருக்கசொல்ல வுயுந்துட்டாரு. மாரடைப்பாம்."

பிறகு, "தூக்கத்துல இல்ல அண்ணாத்த. முழிச்சிகினு இருக்கசொல்லதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசித் தகவலை அவர் ஏன் சொன்னார் என்பது எங்கள் பஸ்ஸில் வந்தவர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தோம். தயாளன் தரப் பரிசோதகர். நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. கம்பெனி பஸ் மாமல்லபுரத்தில் புறப்படும். அவர் அங்கே ஏறுவார், நான் திருக்கழுக்குன்றத்தில் ஏறுவேன். அதற்குள் அவர் தூங்கியிருப்பார். ஆகவே முதல் ஆறு மாதங்கள் எங்கள் நட்பு ஒருதலையாகவே வளர்ந்தது.

அவருடைய குறட்டை பஸ் இன்ஜினுக்குப் போட்டி என்று சொன்னால் அது இன்ஜினுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் எங்களைக் கவர்ந்தது சத்தமல்ல, அது நிற்கும் இடம். உச்சத்தில் சட்டென்று அறுந்துவிடும். பஸ் முழுக்க அமைதி. பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குபவர் போல ஒரு திணறல், மீண்டும் குறட்டை. இந்த இடைவெளி எத்தனை விநாடி என்று எங்களுக்குள் பந்தயம் உருவானது. தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். என் கடிகாரத்தில் விநாடி முள் இருந்ததால் நடுவர் பதவி எனக்கு வந்தது. கடமை உணர்ச்சியோடு ஒரு நோட்டுப் போட்டு, நாள்வாரியாக எழுதிவந்தேன். பதினான்கு, இருபத்திரண்டு, பத்தொன்பது. உச்சம் முப்பத்தொன்று. அதைச் சரியாகச் சொன்னவன் நான்தான். டீயோடு மசால் வடையும் கிடைத்தது.

உட்கார்ந்ததும் தூங்குகிறவர் கொடுத்துவைத்தவர் என்று அவரைப் பார்த்து நாங்கள் பொறாமைப்பட்டோம். அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னா சார் கொடுத்து வச்சது? எட்டு மணி நேரம் தூங்கறேன். எய்ந்தா ராத்திரியெல்லாம் மூட்ட தூக்கினவன் மாரி கீது. தலவலி வேற" என்பார். நாங்கள் சிரிப்போம்.

பிறகு பரிசோதனை மேஜையிலேயே தூங்கத் தொடங்கினார். ஒருநாள் குறையுள்ள பாகங்கள் ஒரு பெட்டி நிறைய அவர் கண்முன்னே கடந்து போய்விட்டன. வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று பத்து நாளில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவருடைய இரண்டு பெண்களும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். "தூக்கம் வந்துச்சுன்னு எய்தினா வுட்ருவானா சார்?" என்று என்னைக் கேட்டார். தூக்க மாத்திரை போட்டு இரவில் நன்றாகத் தூங்கினால் பகலில் வராது என்று முனுசாமி யோசனை சொன்னார். நல்ல வேளையாக, தலைவலிக்காக முதலில் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்தார், முகம் சுருங்கியது. கழுத்தை டேப்பால் அளந்தார். பிறகு கேட்டார்: "தூங்கும்போது இவருக்கு மூச்சு நிக்கறத யாராவது பாத்திருக்கீங்களா?"

தயாளனின் மனைவி கஸ்தூரி முந்திக்கொண்டார். "அது கொறட்ட வுட்டா எனக்குத் தூக்கம் வராது டாக்டர். நிறுத்திச்சுனா எனக்கு உசுரே பூடும்."

நான் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"என்ன இது?"

"டீ பந்தயம், டாக்டர்."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

அவர் சிரிக்கவில்லை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கின்றன, மூளை பதறி ஆளை எழுப்புகிறது, அது அவருக்கே தெரிவதில்லை என்று விளக்கினார். "நீங்க தூங்கல சார். மூச்சுக்காக ராத்திரி பூரா எழுந்துகிட்டே இருக்கீங்க. இதயமும் சேர்ந்து முழிச்சிருக்கு." பிறகு என்னிடம், "மூணு வருஷமா நீங்க எழுதினது இவர் மூச்சு நின்ன நேரம்" என்றார். அந்த மசால் வடை அன்றுதான் எனக்குச் செரிக்காமல் போனது.

மருத்துவரின் சான்றிதழோடு என் நோட்டின் நகலையும் விளக்கக் கடிதத்தில் இணைத்தோம். மெமோ திரும்பப் பெறப்பட்டது. சென்னையில் ஒரு இரவு படுக்கவைத்துப் பரிசோதித்து, மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் காற்று இயந்திரம் ஒன்று கொடுத்தார்கள். தூக்க மாத்திரை தொடவே கூடாது என்றார்கள். தயாளன் மாலை மதுவை விட்டார், சிகரெட்டை விட்டார், கடற்கரையில் நடந்து எடையைக் குறைத்தார். மல்லாந்து படுக்காமலிருக்க கஸ்தூரி பனியனின் முதுகில் ஒரு ரப்பர் பந்தைத் தைத்துக் கொடுத்தார். மூன்றாம் வாரம் பஸ்ஸில் அவர் விழித்திருந்தார். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய என்னைப் பார்த்து, "இந்த ரோட்ல இவ்ளோ மரம் கீதா சார்?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சட்டைப்பையில் தையற்காரர் டேப் ஒன்று குடியேறியது. தடித்த கழுத்தில் மூச்சுப் பாதை எளிதில் அடைபடும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், பஸ்ஸில் எல்லோர் கழுத்தையும் அளந்தார். "பதினேழு இன்ச்சா? மச்சான், வூட்ல கேளு, கொறட்ட நடுவுல நிக்குதான்னு." ஒல்லியானவர்களையும் விடவில்லை. மூக்கடைப்பு உண்டா, அப்பாவுக்குக் குறட்டை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். முனுசாமியின் கழுத்து அவருக்குத் திருப்தி தரவில்லை. முனுசாமி மாதக்கணக்கில் மழுப்பினார். ஒருநாள் தயாளன் சொன்னார்: "நான் தூங்கினா ஒரு சீட்டுதான் நஷ்டம்டா. நீ தூங்கினா அம்பது சீட்டு." மறுவாரம் முனுசாமி மருத்துவமனைக்குப் போனார். அவருக்கும் அதே நோய்தான். எங்களில் எத்தனை பேர் அதனால் இன்று உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு நோட்டு எதுவும் இல்லை.

நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே தயாளனின் இதயம் நிறைய உழைத்துவிட்டது என்று மருத்துவர் அன்றே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் பத்து வருடம் வாழ்ந்தார், இரண்டு பெண்களின் திருமணத்தையும் முழு விழிப்போடு நடத்தினார்.

பிற்பகலில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன். இயந்திரத்தை ஒரு மூலையில் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். "பத்து வருஷம் நல்லா தூங்கினாரு சார். நானும் தூங்கினேன்" என்றார் கஸ்தூரி. பழைய பஸ்காரர்கள் சுவரோரம் நின்றோம். தயாளனை மல்லாத்திக் கிடத்தியிருந்தார்கள், குறட்டை இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. என் இடது கை தானாக உயர்ந்திருந்தது, கண் விநாடி முள்ளின் மேல் இருந்தது. முனுசாமி பார்த்துவிட்டார். "வாணாம் அண்ணாத்த" என்று என் மணிக்கட்டை மெல்லக் கீழே இறக்கினார். அதற்குள் முள் முப்பத்தொன்றைத் தாண்டியிருந்தது.

போய் வாருங்கள், தயாளன். இந்த முறை யாரும் பந்தயம் கட்டவில்லை.