சத்தம் போடாத மாப்பிள்ளை வண்டி

வியாழன் காலை. மன்னார்குடியிலிருந்து ராத்திரி ரயிலில் எழும்பூர் வந்து இறங்கி, அங்கிருந்து சென்ட்ரலுக்குப் போய், ஆவடி மின்ரயிலைப் பிடித்தேன். அம்பத்தூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். பதினைந்து கிலோமீட்டரை ஐந்து ரூபாயில் கடந்து, பதினைந்து லட்சத்துக்குக் கார் வாங்குகிறவருக்கு யோசனை சொல்லப் போகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரு சைக்கிள். அதிலும் மணி அடிக்காது.

வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தொழிற்பேட்டைக்காரர்கள் சாப்பாட்டுப் பையோடு இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அம்பத்தூரில் இறங்கும்போது எனக்கு உட்கார இடம் கிடைத்தது. என் ராசி அப்படி.

கார் வாங்குகிறவர் என் தங்கை சுமதியின் கணவர் தேவராஜ். வீடு மேனாம்பேட்டில். தொழில், கல்யாண வண்டி ஓட்டுவது. இந்தப் பக்கம் முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை, மாப்பிள்ளையை உசத்தியான காரில் உட்காரவைத்து, மேளதாளத்தோடு கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலமாக அழைத்து வருவார்கள். இருபது வருடமாக அதற்கு வண்டி தேவராஜுடையதுதான். போன மாதம் அந்தப் பழைய டீசல் காரின் இன்ஜின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. சனிக்கிழமை மாலை மண்ணூர்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வண்டி வராவிட்டால் மண்டபத்துக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். அந்த மண்டபம்தான் இவர்களுக்குச் சோறு போடுகிறது.

வங்கிக் கடன் தயார். பழைய கார் இரண்டைப் பார்த்து வைத்திருந்தார். ஆவடியில் ஒரு டீசல், பூந்தமல்லியில் ஒரு ஹைபிரிட். இரண்டுமே பணக்கார வீட்டு வண்டிகள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததால், பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மச்சான், நீயே சொல்லு. டீசல்னா ஒரு கெத்து கீது. ஸ்டார்ட் பண்ணா தெரு முனை வரைக்கும் தெரியணும். இவ இன்னாடான்னா பேட்டரி வண்டி வாங்குன்றா. இன்னா, பொம்மை காரா அது?"

"பேட்டரி வண்டி இல்லண்ணே," என்றாள் சுமதி. "பெட்ரோல்லயும் ஓடும், பேட்டரிலயும் ஓடும். மெதுவா போனா பேட்டரி. இவரு ஓட்றதே மெதுவாத்தானே? புகை இல்ல, எண்ணெய்ச் செலவும் கொறையும்."

நான் காபியைக் குடித்துவிட்டு, இரண்டையும் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன். பஞ்சாயத்துக்காரன் முதல் நாளே தீர்ப்புச் சொன்னால் இரண்டாம் நாள் விருந்து கிடைக்காது.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஆவடி போய்ச் சேர்ந்தோம். டீசல் காரின் சொந்தக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காரைத் துடைத்துத் துடைத்து அதில் அவர் மீசை தெரிந்தது. விலை பதினான்கு லட்சம். சாவியைத் திருகியதும் வண்டி உறுமியது. தேவராஜின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறந்த குழந்தையின் அழுகையைக் கேட்ட தகப்பன்தான்.

எல்லோரும் காரை நெடுஞ்சாலையில் விரட்டிப் பார்ப்பார்கள். தேவராஜுக்கு அது வேண்டாம். "நமக்கு மாப்ள நடை வரணும் மச்சான்," என்றார். ஊர்வலத்தில் மேளக்காரருக்குப் பின்னால், அவர்கள் நின்றால் நின்று, நகர்ந்தால் நகர்ந்து போகிற வேகத்துக்கு இந்தத் தொழிலில் அதுதான் பெயர். சோதிக்க வழி ஒன்றுதான். சுமதி மாப்பிள்ளையாகப் பின்சீட்டில் ஏறினாள். கண்ணாடிகளை இறக்கினார்கள். நான் நாயனக்காரனாகக் காருக்கு முன்னால் நடக்க வேண்டும்.

நடந்தேன். அறுபத்தொரு வயதில், ஆவடியில், ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன் காருக்கு முன்னால் ஆடி அசைந்து போவதை நாய்கூட நின்று பார்த்தது. நடக்கிறதுதான் நடக்கிறோம் என்று வாயாலேயே கொஞ்சம் நாயனமும் வாசித்தேன். எங்கள் ஊரில் பால்காரர் வரைக்கும் நாயனம் கேட்டு வளர்ந்தவர்கள். எனக்கு வராமல் போகுமா? இன்ஜின் சூடு மட்டும் கெண்டைக்காலில் அடுப்பு மாதிரி அடித்தது.

தெருமுனையில் கார் நின்றதும், "எப்படி வாசிச்சேன்?" என்று சுமதியைக் கேட்டேன்.

"வாசிச்சியா? எப்பண்ணே?" என்றாள்.

பிற்பகல் பருத்திப்பட்டு வழியாகப் பஸ்ஸில் பூந்தமல்லிக்குப் பத்து கிலோமீட்டர். சுமதிக்கு டிக்கெட் இல்லை, பெண்களுக்கு இலவசம். அந்தப் பெருமையில் அவள் ஜன்னல் சீட்டையும் எடுத்துக்கொண்டாள். ஹைபிரிட் காரின் சொந்தக்காரர் கபூர் பாய், மெத்தைக் கடை வைத்திருக்கிறார். விலை பதினாறு லட்சம். புதுசு போலிருக்கிற வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். பாய் சங்கடமாகச் சிரித்தார். பதில் உள்ளேயிருந்து, டீத் தட்டோடு வந்த அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"முன்னாடி இருந்த வண்டி தெரு முனைல திரும்பும்போதே எனக்குக் கேக்கும். தோசைக்கல்லப் போட்டுருவேன். இது திருடன் மாரி வந்து நிக்குது. மனுசன் உள்ள வந்து, இன்னும் சாப்பாடு ஆவலியான்னு மொறைக்கிறாரு. வண்டி வேணுமா, சூடா தோசை வேணுமான்னு கேட்டேன்."

"நான் தோசைன்னுட்டேன் தம்பி," என்றார் பாய். அந்த மனுஷனை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

மாப்பிள்ளை நடைக்குப் பூந்தமல்லிக் கடைவீதி ஆகாது. செம்பரம்பாக்கம் பக்கம் ஐந்து கிலோமீட்டர் போனால், ஏரிக்கு இப்பால் வயலாக இருந்த இடமெல்லாம் மனை போட்டிருக்கிறார்கள். தார் ரோடு இருக்கிறது, தெருப் பெயர்ப் பலகை இருக்கிறது, வீடுதான் இல்லை. மறுபடி சுமதி பின்சீட்டில், நான் முன்னால். இந்தத் தடவை பின்னால் கார் வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காலில் சூடும் இல்லை. உற்சாகத்தில் கொஞ்சம் உரக்கவே வாசித்தேன்.

அப்போது பக்கத்துக் கிடங்கில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மூன்று பேர் ஓடி வந்தார்கள். "இன்னா அண்ணாத்தே, நின்னு போச்சா? பெருசு, நீ ஓரமா போ. டேய், கை குடுங்கடா!" என்று காரின் பின்னால் போய்த் தள்ளவும் ஆரம்பித்துவிட்டார்கள். இன்ஜின் சத்தம் கேட்காமல் கார் மெல்ல நகர்ந்தால், வண்டி நின்றுபோய் உருள்கிறது என்றுதானே அர்த்தம்? தள்ள ஆள் இல்லை என்று உதவிக்கு வந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

தேவராஜ் வெளிறிப்போய் இறங்கினார். "பாத்தியா மச்சான்? நாளைக்கு மண்ணூர்பேட்டைல இதான் நடக்கும். பொண்ணு ஊட்டுக்காரங்க முன்னாடி மாப்ள வண்டியத் தள்ளுவானுங்க. அபசகுனம்னு ஒரு கெய்வி சொன்னா போதும், என் பொயப்பு போச்சு. டீசல்தான். முடிஞ்சுது."

நியாயமான பேச்சு. நானும் தலையாட்டத் தயாரானேன். அப்போது சுமதி பின்சீட்டிலிருந்து, "அண்ணே, நடுவுல சுருதி எறங்கிருச்சு உனக்கு," என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். "கேட்டுச்சா?"

"மூச்சு வாங்கினதுகூடக் கேட்டுச்சு." அவள் இறங்கவில்லை. "ஏங்க, நம்ம கல்யாணத்துல உங்களை அழைச்சிட்டு வந்தப்ப என்ன வாசிச்சாங்க, சொல்லுங்க பாப்போம்."

தேவராஜ் என்னைப் பார்த்தார். பிறகு ஏரிக்கரையைப் பார்த்தார். "நான்தான் வண்டிக்குள்ள இருந்தேனே. இன்ஜின் சத்தம்தான் கேட்டுது."

"அதான் சொல்றேன். ஊரே கேக்குது, வாசிக்கிறது யாருக்காகவோ அந்த ஆளுக்கு மட்டும் கேக்கல. இருபது வருசமா எத்தனை மாப்பிள்ளைய அப்படி ஏத்திட்டு வந்திருக்கீங்க!"

என் தங்கை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தேவராஜ் காரைச் சுற்றி வந்தார். டயரை ஒரு தரம் உதைத்துப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். அப்புறம், "பாயாண்ட போலாம்," என்றார்.

சனி மாலை மண்ணூர்பேட்டை. வெள்ளைக் கார், ரோஜாச் சரம், நாயனம், இரண்டு தவில். நானும் சுமதியும் ஊர்வலத்தோடு நடந்தோம். தேவராஜின் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாதி வழியில், அவர் பயந்தபடியே ஒரு குரல் கிளம்பியது: "டேய், மாப்ள வண்டி ஆஃப் ஆயிடுச்சு! தள்ளுங்கடா!" நான்கைந்து பேர் ஓடினார்கள்.

மாப்பிள்ளைப் பையன் மாலையோடு ஜன்னலில் தலையை நீட்டினான். "யோவ், ஓடிக்கினுதான்யா கீது! சும்மா இருங்க, வாசிக்கிறாங்க, கேக்க உடுங்க!"

நாயனக்காரர் அதைக் கேட்டுவிட்டார். இருபது வருடத்தில் காருக்குள்ளிருந்து அப்படி ஒரு வார்த்தை அவருக்கும் வந்திருக்காது. அப்படியே திரும்பி, காரைப் பார்த்து நின்று, அந்தப் பையனுக்காகவே ஒரு சுற்று வாசித்தார். தேவராஜ் பிரேக்கில் கால் வைத்தபடி அசையாமல் இருந்தார். மண்டபத்துக்காரர் வாசலிலேயே அடுத்த முகூர்த்தத்துக்கும் சொல்லிவிட்டார். சுமதி என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினாள்.

ஞாயிறு காலை அம்பத்தூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுவிட்டார் தேவராஜ். எங்கள் ஊரில் ஒரு கார் வந்தால் தெருவே எழுந்து பார்க்கும், ஒரு நாயனம் வாசித்தால் நின்று கேட்கும். இந்த ஊரில் லாரி, ரயில், தொழிற்சாலைச் சங்கு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒருவருக்கு எதையாவது கேட்கவைக்கப் பதினாறு லட்சம் ஆகிறது. ஆனால் நின்றுபோன வண்டி என்று நினைத்தால் முன்பின் தெரியாதவர்கள் ஓடிவந்து தோள் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் முதலில் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்போம்.

ஸ்டேஷன் தெருவில் திரும்பியதும் அவர் மெதுவாகக் கேட்டார். "மச்சான், எனக்கு மாலை போட்டு இட்டுகினு வந்ததே நீதானே. அன்னிக்கு இன்னா வாசிச்சாங்கோ?"

"கரகரப்ரியா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "கரகரன்னு கேட்டுதே! இன்ஜின்னு நெனச்சிக்கினு கீறேன், இத்தினி வருசமா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் பாடேன்."

பாடினேன். அவர் காலைத் தளர்த்தினார். வண்டி சத்தமே இல்லாமல் மாப்பிள்ளை நடைக்கு வந்தது. சுருதி இறங்கியிருக்கும், அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார். முதல் சுற்று முடிவதற்குள் பின்னால் யாரோ காரைத் தட்டினார்கள். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, தள்ளணுமா?"

"வேணாம் நைனா," என்றார் தேவராஜ். "பாட்டு கேட்டுக்கினு கீறேன்."