நமக்கெதுக்கு வம்பு

நல்லவள், கெட்டவள் என்று முத்திரை குத்துவதில் காலை ரயிலின் பெண்கள் பெட்டியை மிஞ்ச ஆள் கிடையாது. கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூருக்கு தினமும் வேலைக்குப் போகிற நாங்கள் இருபது பேராவது அதில் இருப்போம். பூ கட்டிக்கொண்டும் டிபன் டப்பாவைத் திறந்து இட்லி தின்றுகொண்டும் ஊரார் ஒழுக்கத்தை அலசுவோம். பிடித்தவள் என்றால் ‘குனிஞ்ச தலை நிமிராதவ’. பிடிக்காதவள் என்றால் ‘அவ ஒரு மாதிரி’. எந்த மாதிரி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கேட்டவளும் ஒரு மாதிரி ஆகிவிடுவாள். ஆம்பளைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. தினமும் பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறவன்கூட ‘குடிச்சா தான் அப்படி, மத்தபடி தங்கமான மனுஷன்’.

எல்லாம் பேசித் தீர்த்தபின், கடைசியில் வாயைத் துடைத்துக்கொள்ள ஒரு வார்த்தை உண்டு. நாங்கள் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்போம். கன்னடக்காரி ‘நமக்யாக்கெ பிடு’ என்பாள். தெலுங்குக்காரி ‘மனகெந்துக்குலே’ என்பாள். மூன்றும் ஒன்றேதான். அதைச் சொல்லிவிட்டால் அதுவரை பேசியதெல்லாம் கழுவிவிட்டாற்போல ஆகிவிடும். மற்றவர்கள் பேசுவதைக் காதாரக் கேட்டுவிட்டு இந்த வார்த்தையை மட்டும் சொல்கிறவள் நான். அதனாலேயே வாய் சுத்தமானவள் என்று எனக்குப் பெயர்.

அந்தப் பெட்டியில் தினமும் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஒருத்தி. தங்க வயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டை ஒட்டின வீடு அவளுடையது. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அம்மாவோடு வந்து இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. நான் அந்தப் பக்கம் ஒரு ஆபீஸில் பெருக்கித் துடைத்து டீ கொடுக்கிறவள். காலையில் அவள் நடுச்சுவரைத் தட்டினால் நான் செருப்பை மாட்டுவேன். எனக்கு முட்டி வலி என்று முன்னால் ஓடிப்போய் ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாள். ஏழு வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து போய்வந்தோம்.

லேபில் வேலை நீண்டு அவள் கடைசி ரயிலில் வந்தால் ஸ்டேஷனிலிருந்து பஸ் இருக்காது. அந்த நாட்களில் அவளோடு வேலை செய்து அதே ரயிலில் வருகிற ஒருவர், ஸ்டேஷனில் நிறுத்தியிருக்கும் தன் பைக்கில் கொண்டுவந்து விடுவார். அவர் வீடும் எங்கள் பக்கம்தான். அது போதாதா? லைன் முழுக்க அதே பேச்சு. அதே பைக்கில் நானும் இரண்டு தடவை வந்திருக்கிறேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். தலை நரைத்தவள் என்பதால் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா வந்து நின்றார்கள். அவர்கள் தம்பி மெஷின் பேக்டரியில் வெல்டர், மனைவியை இழந்தவர். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். ஜாதகம் பொருந்தாவிட்டாலும் பரிகாரம் உண்டு, பக்கத்து வீட்டு வார்த்தைக்குப் பரிகாரம் கிடையாது.

“எங்க தம்பிக்கு இந்த வீட்டுப் பொண்ண பாக்கலாம்னு கீறோம். பொண்ணு எப்படிம்மா?”

எனக்குச் சுருக்கென்றது. இப்படி ஒரு பேச்சு நடப்பதை அவள் என்னிடம் மூச்சு விடவில்லை. தினம் பக்கத்தில் உட்காருகிறவளிடமே மறைத்துவிட்டாளே என்று வயிறு எரிந்தது. நல்லபடியாகச் சொல்லி, நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் நம் தலையில் விழுமே என்ற பயம் வேறு.

“எனக்கு இன்னாங்க தெரியும்? அவங்கவங்க வாழ்க்க. நமக்கெதுக்கு வம்பு.”

“யாரோ வண்டில கொண்டாந்து விடறாங்கன்னு சொல்றாங்களே?”

“நான் எதையும் பாக்கலைங்க.”

பார்க்கவில்லையாம்! என் வாய் அன்றைக்கே வெந்து போயிருக்கலாம். அந்த அம்மா தலையை ஆட்டினார்கள். “புரிஞ்சிதும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தப்பாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மிச்சத் துணியைக் காயப்போட்டேன்.

நாலு நாள் கழித்து அவள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

“பக்கத்து வீட்லயே ஒரு நல்ல வார்த்த வரலியாம்க்கா. வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.” அழவில்லை. புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “முடிவானதும் மொதல்ல உன்கிட்ட தான் சொல்லணும்னு இருந்தேன். நடுவுல சொல்லி, அது நின்னு போச்சுன்னா அசிங்கம் இல்ல? அதான் வாய மூடினு இருந்தேன்.”

நான் டீயை ஆற்றி அவளிடம் நீட்டினேன்.

“உன்ன வந்து கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பக்கா?”

“தங்கமான பொண்ணு, கண்ண மூடினு கட்டிக்கங்கன்னு சொல்லியிருப்பேன்டி.”

அதோடு விட்டேனா? அவள் வீட்டுக்கு மறுபக்கத்து வீட்டுக்காரிதான் சொல்லியிருப்பாள், அவள் வாய் ஊரறிந்த வாய் என்று பாவம் ஒன்றும் அறியாத ஒருத்தி தலையிலும் கட்டினேன். அவள் டீயைக் குடித்து முடித்தாள். எழுந்து போகும்போது டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் இடம் பிடித்து வைத்தாள். வேறு வரன் எதுவும் வரவில்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ காலைகளில் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் பங்காருபேட்டை ஸ்டேஷன் வந்துவிடும், கூட்டம் ஏறிவிடும், எனக்கும் ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

போன வருஷம் அவள் அம்மா போய்ச் சேர்ந்தார்கள். இனி இங்கே யாருக்காக இருப்பது என்று ஆஸ்பத்திரிப் பக்கமே ஒரு அறை பார்த்துக்கொண்டாள். சாமான்களை டெம்போவில் ஏற்றியாயிற்று. வீட்டைப் பூட்டிவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டாள்.

“அந்தம்மா உன்கிட்ட தான் வந்து கேட்டாங்கன்னு கல்யாணத் தரகர் அன்னிக்கே சொல்லிட்டாருக்கா.”

என் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

“நீயே உன் வாயால சொல்லுவன்னு பாத்துனே இருந்தேன். சொல்லியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்.”

அவள் கண்ணில் கோபமே இல்லை. காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். லைன் வீட்டுப் பெண்களெல்லாம் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு மன்னிப்பு என்று கேட்பார்கள். நாளைக் காலை ரயிலில் என்னைத்தான் பேசுவார்கள்.

“பத்திரமா போயிட்டு வாடி” என்று மட்டும் சொன்னேன்.