நான் பிடித்த கால்

என் கூட்டாளியின் காலைப் பட்டினப்பாக்கத்துக் கடற்கரை மணலில், கபடியில், பதினைந்து வருடம் பிடிக்கப் பார்த்தேன். ஒரு தடவைகூட அவனை மடக்க முடிந்ததில்லை. மடக்கிய ஒரே தடவை கேமரா முன்னால். அதோடு அவன் கடலுக்குப் போவது நின்றது.

ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மயிலாப்பூர் மெஸ்ஸில் இலை எடுத்தேன், தி.நகர் துணிக்கடைக் கிடங்கில் மூட்டை தூக்கினேன், அடையாறில் தண்ணீர் கேன் போட்டேன். எந்த வேலையும் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. மாறாமல் இருந்தது ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலக் கபடி மட்டும்தான்.

கூட்டாளி மீன்பிடிக்கிற குடும்பம். மச்சானோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தான். அவன் பாடிக்கொண்டு வரும்போது நான் எதிரணியில் இடது மூலையில் நிற்பேன். மூலையில் நிற்கிறவனுக்கு வேலை ஒன்றுதான். பாடி வருகிறவன் திரும்புகிற நேரம் பார்த்துக் கணுக்காலில் விழுந்து, தன் பக்கம் இழுக்க வேண்டும். நான் விழுவேன், இழுப்பேன். அவன் கால் மணலோடு சேர்ந்து வழுக்கும், வழுக்கிய வாக்கிலேயே என் கையிலிருந்து நழுவிக் கோட்டுக்குப் போய்விடும். நான் வாயில் மணலோடு எழுந்திருப்பேன்.

"இன்னா மச்சி, கால புடிடான்னா கழுவி வுட்டுக்கினு கீற?" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவி இயக்குநர் ஒருவர் வந்து எங்கள் ஆட்டத்தை ஓரமாக நின்று பார்த்தார். கபடியைப் பற்றி ஒரு தொடர் எடுக்கிறார்களாம், நிஜமாக ஆடத் தெரிந்தவர்கள் வேண்டுமாம். கதையையும் சொன்னார். பிஸ்கட் கம்பெனி முதலாளி ஒருவர் கடற்கரைக் கபடியைப் பார்க்கிறார். இதை வீட்டுக்கு வீடு டிவியில் ஓட வைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். மணலுக்குப் பதில் ரப்பர் விரிப்பு, வெறுங்காலுக்குப் பதில் ஷூ, மூச்சுக்குப் பதில் முப்பது விநாடிக் கடிகாரம். மணல் அணியின் தலைவர் எதிர்த்துச் சண்டை போடுகிறார், கடைசியில் விரிப்பின் மேல் ஒரே ஓர் ஆட்டம் ஆடச் சம்மதிக்கிறார். அந்தத் தலைவராக நடிப்பவரால் ஓடவும் விழவும் முடியாது. அவருக்குப் பதிலாக என் கூட்டாளி. முதலாளியின் அணியில் நான்.

கூட்டாளிக்கு இஷ்டமில்லை. "நமக்கு இன்னாத்துக்கு மச்சி? கடலு இப்பதான் நல்லா கீது."

"ஒரு நாள்தான்டா. உன் ஆட்டத்த ஊரே பாக்கும்."

"மூஞ்சி அவுரோடது, காலு என்னோடது. கால எவன் பாப்பான்?"

மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி சிரித்தாள். "இட்டுக்கினு போண்ணா. எங்கிட்டயே எவ்ளோ நாளு பீத்திக்கும்?"

அதனால்தான் வந்தான். நான் கூப்பிட்டதால், அவள் சிரித்ததால்.

பெருங்குடியில் ஒரு கிடங்குக்குள் மைதானம் போட்டிருந்தார்கள். பச்சை விரிப்பு, தலைக்கு மேல் விளக்குகள், பெரிய கடிகாரம். அவன் கல்யாணத்துக்குக்கூட ஷூ போட்டதில்லை. போட்டுக்கொண்டு விரிப்பின் மேல் நாலு எட்டு வைத்தான். பாதத்தைத் தேய்த்துப் பார்த்தான்.

"மச்சி, இது கால வுட மாட்டேங்குது."

"புது ஷூ இல்லியா, அப்டிதான் இருக்கும்" என்றேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

உதவி இயக்குநர் என்னிடம் தெளிவாகவே சொன்னார். "அண்ணே, கால்ல கை வச்சா போதும். இழுக்க வேணாம். அவரே விழுந்துடுவாரு."

மூன்று தடவை அப்படியே செய்தோம். நான் கை வைத்தேன், அவன் விழுந்தான். இயக்குநருக்குத் திருப்தியில்லை. விழுவது பொய்யாகத் தெரிகிறது, கொஞ்சம் நிஜமாக ஆடுங்கள் என்று அவனிடம் சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

நாலாவது தடவை அவன் நிஜமாகவே வந்தான். கபடி கபடி என்று அந்தத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டு, தோளைக் குலுக்கி, என் மூலைக்கு வந்து திரும்பினான். பதினைந்து வருடமாக எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அதே தூரத்தில் அந்தக் குதிகால். எனக்குக் கேமரா மறந்துபோனது. விழுந்தேன், பிடித்தேன், மணலில் இழுப்பதுபோலவே இழுத்தேன்.

கால் வரவில்லை. ஷூ ஆணி அடித்ததுபோல விரிப்பில் நின்றது. உடம்பு மட்டும் மேலே திரும்பியது. முழங்கால் மூட்டுக்குள் ஏதோ அறுந்தது. காது கேட்பதற்கு முன்னால் என் கைக்குத் தெரிந்தது.

அவன் கத்தவில்லை. பாட்டை விட்டால் அவுட். குப்புற விழுந்து, கோட்டுப் பக்கம் கையை நீட்டி, கபடி கபடி என்று மூச்சு தீரும்வரை பாடினான். எல்லோரும் நடிப்பு என்று நினைத்தார்கள். இயக்குநர் கைதட்டினார். நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை விட்டுவிட்டு இதை எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், மூட்டுக்குள் இருக்கிற கயிறு மாதிரியான நார் ஒன்று முழுசாக அறுந்துவிட்டது என்றார்.

"கயிறுதான சார், முடிச்சி போட்டு வுடுங்க. நாங்க தெனிக்கும் போடறதுதான்" என்றான் கூட்டாளி. டாக்டர்கூடச் சிரித்தார்.

ஆபரேஷன் ஆனது. எட்டு மாதம் கழித்துப் படகேறினான். அலை திருப்பிய இடத்தில் மூட்டு மடங்கி, எஞ்சின் மேல் விழுந்தான். மச்சான் வலையைக்கூட விடாமல் கரைக்குத் திருப்பிவிட்டான். முகத்தைப் பார்க்காமல், "மாமா, கொஞ்ச நாளு கரையிலயே குந்து" என்றான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

தொடர் வெளிவந்தபோது மீன் விற்கிற இடத்தில் உட்கார்ந்து அவன் மனைவியின் போனில் பார்த்தோம். ஆறாவது பகுதியில் அந்த ஆட்டம். தலைவராக நடித்தவரின் முகம், பிறகு ஒரு கால், மூட்டு மெதுவாகத் திரும்புவது, மறுபடி முகம். கபடிப் பாட்டு அந்த நடிகரின் குரலில் இருந்தது. முதலாளி எழுந்து நின்று கண் கலங்கக் கைதட்டினார்.

"தோ, என் காலு" என்றான் கூட்டாளி.

படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கினான். கணுக்காலைச் சுற்றி என் கைகள். இறுக்கத்தில் விரல்கள் வெளுத்திருந்தன. நெடுநேரம் பார்த்தான்.

"இஸ்தியா மச்சி?"

"ஆமா, இழுத்தேன்."

"அவுங்க இஸ்க்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

மீன் வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவியின் கத்தி நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மீன் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவதில்லை.

"நல்ல புடி" என்றான் அவன். "மணல்லயா இருந்தா தப்பிச்சிருப்பேன்."

"தப்பிச்சிருப்ப" என்றேன்.

போனை அணைத்துவிட்டு, "மச்சானுக்கு ஆளு பத்தல. நீ போறியா?" என்று கேட்டான். அந்தக் காலுக்காக அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இப்போது படகில் போகிறேன். முதல் மாதம் முழுக்க வாந்தி. பிறகு உடம்பு பழகிவிட்டது. அவன் நின்ற இடத்தில், முன்பக்கம், வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் மூட்டு இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒரு வருடம் தாண்டிய முதல் வேலை இதுதான்.

கரைக்கு வந்ததும் கூடையை அவனிடம் கொண்டுபோகிறேன். காலை ஐஸ் பெட்டி மேல் நேராக நீட்டி வைத்துக்கொண்டு, மனைவி பக்கத்தில் மீன் சுத்தம் செய்கிறான். கூடையைப் பார்ப்பதற்கு முன்னால் தினமும் ஒரே கேள்வி.

"தண்ணி எப்டி கீது?"

"நல்லா கீது."

"நல்லான்னா? காத்து வாடையா, கொண்டலா? தண்ணி கலங்கிக்கீதா, தெளிஞ்சிக்கீதா?"

எனக்கு அதெல்லாம் இன்னும் பார்க்கத் தெரியவில்லை. அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறான்.