பாத்துட்டு டீச்சர்

'பாத்துட்டு டீச்சர்' என்ற பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது பள்ளிக்கூட நூலகத்தின் வாசலில்தான். அங்கே வேலை பார்க்கும் நாத்தனார் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போயிருந்தாள். "பாத்துட்டு டீச்சரா? உள்ள அலமாரியில தலைய விட்டுட்டு நிப்பாங்க, போங்க" என்று ஒரு சிறுமி கை காட்டினாள். அண்ணிக்குச் சிரிப்பு தாளவில்லை.

உள்ளே போனால் அப்படித்தான் இருந்தது. எடுத்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பிள்ளை நின்றது. ஏட்டில் அது வந்ததாக இல்லை. நாத்தனார் அதட்டவில்லை. "இரு, பாத்துட்டு வரேன்" என்று எழுந்தவள், கண்ணாடியும் இல்லாமல், மூக்கு இடிக்க இடிக்க ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் விரலால் தொட்டுக்கொண்டே ஐந்து அலமாரியையும் கடந்தாள். மணி அடித்தும் நிறுத்தவில்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று தனி வழி வைத்திருந்தாள். தான் பத்து முறை படித்த புத்தகத்தை எடுத்து நீட்டி, "இத நான் இன்னும் படிக்கல. நீ படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு, அப்புறம் நான் எடுக்கிறேன்" என்பாள். நாலு நாள் கழித்து அந்தப் பிள்ளை வந்து கதை சொல்லும். முடிவு தெரியாதவள் மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள் இவள்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள் பொறுப்புதான். ஆண்டுத் தொடக்கத்தில் எல்லோரையும் பிள்ளைகளின் குட்டை முக்காலியில் உட்கார வைப்பாள். முழங்கால் தாடையை இடிக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம், எப்படி வாசித்துக் காட்டுவது என்றெல்லாம் சொல்லி முடித்த பிறகு, புதிதாக வந்த ஒருவரை எழுப்புவாள். ஒரு தடவை கணக்கு வாத்தியார் மாட்டினார்.

"சார், நீங்க எடுத்த புத்தகம் இன்னும் வரல."

"கொடுத்துட்டேனே டீச்சர்."

"வரல சார்."

அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் சட்டைப் பையைத் தடவினார், பேனாவை எடுத்தார், மறுபடி செருகினார். அதன் பிறகுதான் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள்.

"கொடுத்தவரு நீங்க. உங்களுக்கே இப்படி வேர்க்குது. பத்து வயசுக்கு எப்படி இருக்கும் சார்?"

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். புத்தகம் வெளியே போகும்போது, பின்னட்டைப் பையிலிருக்கும் சீட்டில் பிள்ளையின் பெயரை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். புத்தகம் வந்ததும் சீட்டு பைக்குத் திரும்பிவிடும். பெட்டியில் ஒரு சீட்டு தங்கிவிட்டது. காலைக் கூட்டத்தில், பள்ளிக்கூடமே நிற்க, அதிலிருந்த பெயரை உரக்க வாசித்தாள். கொடுத்துவிட்டேன் மிஸ் என்றது அந்தப் பெண் பிள்ளை. "பொய் வேற சொல்றியா" என்று கேட்டுவிட்டாள். அன்று மதியத்துக்குள் வகுப்புப் பிள்ளைகள் அதற்குத் திருடி என்று பெயர் வைத்தாயிற்று. ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டு வந்தது. பிறகு வரவில்லை.

ஆண்டுக் கடைசியில் இருப்புப் பார்த்தபோது அந்தப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது, பின்னட்டைப் பை மட்டும் காலியாக. வாங்கி அடுக்கியது இவள் கை. சீட்டை வைக்க மறந்ததும் இதே கை. அன்று சாயங்காலமே விலாசம் தேடி ஓடினாள். வீடு பூட்டிக் கிடந்தது. காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியவில்லை.

முப்பது வருடமாக அந்தச் சீட்டு அவளுடைய கைப்பையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆகியிருக்கும் வயதில் எந்தப் பெண் பேருந்தில் ஏறினாலும் முகத்தை உற்றுப் பார்ப்பாள். பார்க்கச் சகிக்காமல் அண்ணி ஒரு நாள் சொன்னாள்: "விடும்மா. அது எங்கயோ புள்ளகுட்டியோட நல்லா இருக்கும்."

"இருக்கும் அண்ணி. நான் வாங்கிக் கொடுத்த பேரையும் சுமந்துகிட்டு இருக்கும்."

வேலையின் கடைசி நாளில், சாவிக்கொத்தை ஒப்படைக்கும் முன், அந்தப் புத்தகத்தின் காலிப் பையில் அண்ணி வீட்டு விலாசத்தை எழுதி வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பெண் என்றைக்காவது வந்தால் நேரே அந்த அலமாரிக்குத்தான் போகும் என்று அவளாகவே ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறாள்.

இப்போது அண்ணி வீட்டு முன்னறையில் இருக்கிறாள். வாசல் மணி அடித்தால் வேறு யாரையும் எழுந்திருக்க விடுவதில்லை. "இருங்க அண்ணி, நான் பாத்துட்டு வரேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு போகிறாள்.