ஐஸ் தண்ணீரில் ஆடிய வால்

நிர்மலா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது என் வலது கை ஐஸ் தண்ணீருக்குள் இருந்தது. இடது கையால் போனை எடுத்தேன். "வசந்திக்கா, அக்கா பூட்டாக்கா" என்று அழுதான் அவள் தம்பி. டப்பில் அவள் கடைசியாக வடிவமைத்த ரப்பர் மீன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அது ஆடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் காலையிலிருந்து படுக்கையில் காத்திருந்தாள்.

ஒரகடத்தில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுற்றிலும் உள்ள கம்பெனிகள் கார் பாகங்கள் செய்ய, நாம் மட்டும் அமெரிக்க ஏரிகளில் 'வால்ஐ' என்ற மீனைப் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் ரப்பர் மீன்களைச் செய்தோம். அவள் டிசைன், நான் குவாலிட்டி. அந்த மீனை இருவருமே நேரில் பார்த்ததில்லை. நான் பளபளக்கும் ரோஸ் நிறத்தைத் தூக்கிக் காட்டினால், "நீ இன்னா, பொடவையா எடுக்கிற? கலங்கல் தண்ணிக்கு மஞ்சப்பச்ச, தெளிஞ்ச தண்ணிக்குக் குட்டி மீன் கலரு. கடிக்கப்போறது அது, நீ இல்ல" என்பாள். எனக்குக் கோபம் வரும். அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வரும்.

முதல் மாடல் நினைவிருக்கிறதா? சித்திரை வெயிலில் நம் தொட்டித் தண்ணீர் வெந்நீராகக் கிடந்தது. அதில் வால் குத்தாட்டம் போட, எல்லோரும் கைதட்டி அனுப்பிவைத்தோம். எங்கள் ஏரியில் இது குச்சி மாதிரி விறைத்துக் கிடக்கிறது என்று அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. குளிரில் ரப்பர் இறுகும் என்பது வேர்த்து வழிந்துகொண்டிருந்த நம் யாருக்கும் தோன்றவில்லை. மறுநாளே நிர்மலா படப்பை மீன் கடையில் ஐஸ் வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். "ஐஸ் கீது, மீன் எங்கம்மா?" என்றார் கேட்டில் செக்யூரிட்டி அண்ணன். "அது அமெரிக்காவுல கீதுண்ணே" என்றாள்.

"கை மரத்துப்போற வரைக்கும் பாரு, அப்புறம் ஓகே சொல்லு" என்பது அன்றிலிருந்து நம் சட்டம். வாலை ஒட்டிய இடத்தை மெலிதாக்கினால் இழுத்தவுடன் அறுந்தது, தடித்தால் ஆடவில்லை. விடாமல் செதுக்கினாள்.

பிறகு குடலில் புற்றுநோய். மருந்து ஏற ஏற, குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்களில் ஊசியாய்க் குத்தியது. துப்பட்டாவில் கைகளைச் சுற்றிக்கொண்டு டப்பைவிட்டுத் தள்ளி நிற்பாள்.

"ஆடுதாடி?"

"இல்லடி."

"மெதுவா இழு. குளுருல அது சோம்பேறி மீனு, தொரத்தாது."

நிற்கவும் முடியாமல் வீட்டோடு தங்கியபோது, "ஆடுனா ஒடனே போன் பண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

நான் போனபோது அவளை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடியெல்லாம் நீர் கோத்திருந்தது. எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, "தொறங்க! அவளுக்குக் குளுரு ஆவாது, தெரியாதா?" என்று கத்திவிட்டேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே அவளுக்கு வலிக்காது கண்ணு" என்றார். வால் ஆடியதை அவளிடம் சொல்லாமலே திரும்பினேன்.

அந்த மாடல் இப்போது லைனில் ஓடுகிறது. முதல் சாம்பிள் என் மேசையில் இருக்கிறது. ஆனால் அவளுடையது என்று நான் வைத்திருப்பது கை மரக்கும்வரை பொறுக்கிற அந்தப் பழக்கத்தைத்தான். தினமும் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு, மீனைக் கட்டிய நூலை மெதுவாக இழுக்கிறேன். விரல்கள் மரத்த பிறகும் வால் ஆடினால், தள்ளி நிற்பவளுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொல்கிறேன்:

"ஆடுதுடி."