வவுனியாவில் இறங்கிய துணை

பரமேஸ் போய்விட்டாள். இன்று காலை, வவுனியாவில், நித்திரையிலேயே... அவளுடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்.

நான் அந்த நேரம் சனிக்கிழமைப் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். கம்பஸுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் செய்யும் அதே பேச்சு. 'பொறுப்பும் வெற்றியும்'.

எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் பரந்தனில் ரயில் ஏறினேன். இதை ரயிலில் இருந்துதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஆடுகிறது, கண்ணும் மறைக்கிறது.

உங்களில் பலருக்குப் பரமேஸைத் தையல் கடை அன்ரியாகத்தான் தெரியும். எனக்கு அவள் துணை.

அறுபதுகளில் எங்கள் குடியேற்றக் கிராமத்தில் பெண்பிள்ளை தனியாக எங்கும் போக முடியாது. கோயிலுக்குத் துணை, கடைக்குத் துணை... கம்பஸுக்கு மட்டும் சும்மா விடுவார்களா?

எங்கள் இருவருக்கும் ஒரே வருடம் இடம் கிடைத்தது. என் அப்பா, எங்கள் ஐயா, ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "பரமேஸ் போறாள் எண்டால் நீயும் போ. அவள் நிண்டால் நீயும் நிண்டிடு."

முதல் வருடச் சோதனையில் நான் பாஸ். பரமேஸ் பெயில். அவளுடைய படிப்பு அத்தோடு சரி.

விடுதிக் கட்டிலில் விழுந்து அழுதேன். உண்மையைச் சொன்னால் அவளுக்காக அழவில்லை... எனக்காகத்தான்.

வழி சொன்னது அவள்தான். "எடியே, உன்ர ஐயாவுக்கு நான் கோச்சியில ஏறினாச் சரிதானே? ஏறுறன். வவுனியாவில சின்னம்மா வீட்டை இறங்கிறன். லீவுக்கு நீ திரும்பி வரேக்க அங்கயே ஏறுறன்."

ரயிலைத்தான் நாங்கள் கோச்சி என்போம். அவளுடைய அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மட்டும் விஷயம் தெரியும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. தவணை தொடங்கும்போது பரந்தன் ஸ்டேசனில் இருவரும் ஏறுவோம், ஐயா கை காட்டுவார். வவுனியாவில் பரமேஸ் தன் தகர றங்குப்பெட்டியோடு இறங்கிவிடுவாள். சின்னம்மாவின் தையல் மெசின் அவளுக்காகக் காத்திருக்கும்.

ஒருமுறை ஐயா அவளுடைய பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்ன பிள்ளை, பெட்டி காத்தாக் கிடக்கு? புத்தகம் ஒண்டும் இல்லையோ?"

"எல்லாம் விடுதியில விட்டிட்டு வந்தனான் மாமா. சுமந்து திரிய ஏலுமே?"

அடுத்த தவணை பெட்டி நிறைய நெல்லைப் போட்டுக்கொண்டு வந்தாள். தூக்கிய ஐயாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "இப்பதான் பிள்ளை படிக்குது" என்று அவருக்குச் சரியான சந்தோஷம். மாங்குளம் வரும்வரை நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

வவுனியாவில் இறங்கியதும் ஜன்னலோரம் வந்து நிற்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே புத்திமதிதான். "பொல்காவலையில நித்திரையாப் போயிடாதை. கம்பஸுக்கு அங்கதான் கோச்சி மாறவேணும்."

பிறகுதான் எனக்குத் தெரியவந்தது... அந்த இரண்டு வருடத்துக்குள் துணுக்காயில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ரீச்சராக வரச் சொல்லி அவளைக் கேட்டிருக்கிறார்கள். ஐயாவின் கணக்கில் கம்பஸில் படிக்கிற பிள்ளை துணுக்காயில் எப்படிப் படிப்பிக்க முடியும்? மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

நான் பாஸ் பண்ணி வந்ததும் ஐயா பெரிய சாப்பாடு போட்டார். பரமேஸ்தான் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவள் கடைசிச் சோதனையில் பெயில் என்று ஊரில் சொல்லியிருந்தோம்.

ஐயா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "என்ர பிள்ளை பொறுப்பாப் படிச்சவள். பரமேஸுக்கு அந்தப் பொறுப்பு இல்லாமப் போச்சு. என்ன செய்யிறது, ரெண்டும் ஒண்டாத்தானே போனதுகள்."

பரமேஸ் என் இலைக்கு வந்தாள். "இன்னும் கொஞ்சம் விடட்டே?" என்று கேட்டாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். அவ்வளவுதான்.

போன வருடம் இதே பேச்சுக்கு வவுனியாவில் கூப்பிட்டிருந்தார்கள். "உங்கட சுமையை நீங்கள்தான் சுமக்கவேணும் பிள்ளைகள், அதுதான் பொறுப்பு, அதுதான் வெற்றி" என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். பார்த்தால் கடைசி வரிசையில் பரமேஸ்.

தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் வந்தாள். "நல்லாக் கதைச்சாய். சுமை எண்டு நீ சொல்லேக்க எனக்கு அந்த றங்குப்பெட்டிதான் ஞாபகம் வந்தது."

சிரித்தாள். நானும் சிரித்தேன். வெட்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"அடுத்த முறை உன்ர கதையைச் சொல்லுறன் பரமேஸ்."

"சொல்லன். உன்ர ஐயா செத்து எவ்வளவு காலமாச்சு... இனி ஆருக்குப் பயம்?"

கேலியாகத்தான் கேட்டாள்.

சனிக்கிழமை வரப்போகிற பிள்ளைகளே, நான் வரமாட்டேன். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவளுடைய புத்திமதியையும் வைத்துக்கொள்ளுங்கள். பொல்காவலையில் நித்திரையாகிப் போகாதீர்கள்.

ஓமந்தை தாண்டிவிட்டது. பக்கத்து சீற்றில் இருக்கும் பிள்ளை, "அம்மம்மா, தனியவோ போறீங்கள்? துணைக்கு ஒருத்தரும் வரேல்லையோ?" என்று கேட்கிறாள்.

பரமேஸ்... ஸ்டேசன் வருகிறது. இந்த முறை நானும் வவுனியாவில்தான் இறங்குகிறேன்.