தொட்டி ஓரத்து மஞ்சள் பூ

காலை ஐந்து ஐம்பது. கொல்லைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த மஞ்சள் பூ. தரைத்தொட்டியின் வடக்குச் சுவரை ஒட்டி, என் தோளைத் தாண்டிய உயரத்தில் செடி நின்றது. நான்கு இதழ், செம்மை படர்ந்த தண்டு, கிராம்பு போல நீண்ட காய். சித்திரை வெயிலில் முருங்கையே இலை உதிர்த்திருந்தது. இது மட்டும் பச்சையாக இருந்தது.

என் கணவர் தொட்டி மூடியைத் தூக்கி மூங்கில் குச்சியை உள்ளே விட்டார். ஒரு சாண்கூட நனையவில்லை. முந்தின நாள் மாலை பாதித் தொட்டி இருந்தது. அதன்பிறகு யாரும் ஒரு குடம்கூட எடுக்கவில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வாரம் தாண்டித்தான் வரும். வரும் அன்று நிரப்பி, அடுத்த முறை வரை ஓட்டவேண்டும். அந்தக் கோடையில் ஓட்ட முடியவில்லை. லாரித் தண்ணீர் ஊற்றினோம், அதுவும் போனது. மூடிக்குப் பூட்டுப் போட்டோம். குழாய்களைச் சோதித்த பிளம்பர், ஒழுக்கு எங்கேயும் இல்லை என்றார்.

வீட்டில் மகள் நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று வளைகாப்பு முடித்து அழைத்து வந்திருந்தோம். அவளைப் பார்க்கச் சாத்தூரிலிருந்து வந்த அவள் மாமியார் குளியலறையில் வரிசையாக இருந்த காலிக் குடங்களைப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிறாதீக மதினி. பச்ச உடம்பும் பச்சப்புள்ளையும் இருக்கப்போற வீடு. மோந்து மோந்து எத்தன நாளைக்கு ஓட்டுவீக? அடுத்த வாரமும் இப்படின்னா நான் கூட்டிட்டுப் போறேன்."

"தொட்டி நெறஞ்சிரும் மதினி."

"போன தடவ வந்தப்பவும் இதத்தான் சொன்னீக."

அவர் போனபிறகு, தலைக்கு ஊற்றிக்கொள்ளத் தோன்றவில்லை என்றாள் மகள். அவளுக்கு முடி சிக்குப் பிடித்திருந்தது.

அன்று மாலை கணவர் செடி முன்னால் நின்றார்.

"இந்தப் பீடைக்குத் தண்ணி ஊத்துறது நீதானா?"

"நான் எதுக்கு ஊத்துறேன்? இது என்ன செடின்னே எனக்குத் தெரியாது."

"பேரு தெரியாத செடிக்குத்தான் இந்தத் தளதளப்பா?"

பல ஆண்டுகள் செய்தி எழுதியவள் நான். சொன்னதை நம்பாத ஆளிடம் சாட்சியைத்தான் காட்டவேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டேன், சணப்பு என்றார்கள். சணப்பின் பூ அப்படி இருக்காது. போன் செயலி இரண்டு பெயர் சொன்னது. இரண்டுக்கும் இலை பொருந்தவில்லை. ஐப்பசியில் கொல்லைக்கு அடித்த கண்மாய்க் கரம்பை மண்ணோடு விதை வந்திருக்கலாம் என்பது மட்டும் தெரிந்தது. மதுரையில் தாவரவியல் நடத்தும் என் கல்லூரித் தோழிக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ஏடி, எந்தக் கண்மாயில எடுத்த போட்டோ இது?"

"கண்மாய் இல்லடி, எங்க கொல்ல."

"அருப்புக்கோட்டைக் கொல்லையிலயா? யாருகிட்ட கத விடுற? இது நீர்க்கிராம்பு. காலு நனைய நிக்கிற செடி. வேருக்குக் கீழ தண்ணி இல்லாம இவ்வளவு ஒசரம் வராது. தோண்டிப் பாரு."

மேலே கரம்பை பாளம் பாளமாக வெடித்திருந்தது. முழங்கை ஆழத்தில் சேறு. தொட்டிச் சுவரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அதற்குள் வெள்ளை வேர்கள் போயிருந்தன. கணவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொத்தனார் வந்து குனிந்து பார்த்தார். "ஒட்ட எறச்சு, காயவிட்டுத்தான் பூசணும்க்கா. பூசுனப்புறம் ஆற விடணும். பத்து நாளாவது ஆவும்."

"அவ்வளவு நாள் எங்ககிட்ட இல்லையே."

"சிமிட்டிக்கு அது தெரியாதேக்கா."

குழாயில் தண்ணீர் வந்த அன்று தொட்டி காலியாகக் கிடந்தது. குடம், அண்டா, டிரம் என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்தோம். அதிலிருந்தும் மோந்து, பூச்சு வெடிக்காமல் இருக்கச் சுவருக்குத் தெளிக்கவேண்டியிருந்தது.

பேரன் சாத்தூரில் பிறந்தான்.